கன்றின் தொடையில் கேட்ட சத்தம்

எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் தம்பி நான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா திருக்கழுக்குன்றம் பக்கம் பிறந்து, திருப்போரூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். எதையும் ஏன் என்று கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பெண் பார்க்க வந்த மாமாவிடமே, "உங்க மாடு வேளைக்கு எவ்ளோ கறக்கும்?" என்று கேட்டவர்.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் அவருடைய கிடேரிக் கன்று நொண்டியது. தொடை வீங்கிக் கொதித்தது. போய்ப் பார்த்த என் கையைப் பிடித்து வீக்கத்தில் வைத்தார்.

"அமுத்திப் பாருடா. உள்ள அப்பளம் நொறுங்கற மாரி கீது."

ஐயோ, உண்மைதான்! தோலுக்கு அடியில் நறநறவென்றது. மாமா சூடு போடக் கம்பியைக் காய்ச்சினார். அக்கா அவரைத் தடுத்துக் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டார்.

"சப்பை நோய்மா. மண்ணுல இருக்கற கிருமி. சதைக்குள்ள வளந்து காத்தக் கெளப்புது" என்றார் மருத்துவர். ஊசி போட்டும் மாலைக்குள் கன்று செத்துப்போனது. அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மறுபடி வந்த மருத்துவரிடம் அழுதுகொண்டே கேட்டார்:

"பக்கத்து வூட்டுக் கன்னுலாம் நல்லாத்தான கீது? எங்க கொட்டாய்க்கு மட்டும் அந்தக் கிருமி எப்படி வழி கண்டுபுடிச்சுது?"

"இதுக்கு முன்னயும் கன்னு செத்துருக்கா? அதெல்லாம் எங்க பொதச்சீங்க?"

அக்கா தென்னையைக் காட்டினார். செத்த கன்றை மரத்துக்கு உரமாகட்டும் என்று தென்னையடியில் மேலாகப் புதைப்பது மாமா வீட்டு வழக்கம். அங்கேதான் புல் செழித்திருக்கும். கன்றுகளை அங்கேதான் மேயக் கட்டுவார்கள். அந்தக் கிருமி மண்ணுக்குள் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்குமாம்.

மாமாவோ அதே இடத்தில் மண்வெட்டியோடு நின்றார். "எங்கப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான்."

"அதான் உங்கப்பா காலத்துலேர்ந்து சாவுது! மிச்சம் கீறது ஒரே கிடேரி. அதுவும் போச்சுன்னா பொண்ணு படிப்பும் போச்சு."

மாமா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா காட்டிய இடத்துக்கு நடந்தார். மேய்ச்சல் இடத்தை விட்டுத் தள்ளி ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி மூடினோம். தென்னையடியைச் சுற்றி முள்வேலி போட்டார் அக்கா. மிஞ்சிய கிடேரிக்குத் தடுப்பூசி போடப்பட்டது. அது பிழைத்து, வளர்ந்து, ஈன்றது. அதன் பாலில்தான் அக்கா மகள் பொத்தேரிக் கல்லூரியில் படித்து முடித்தாள்.

இவ்வளவு கேட்ட அக்கா, தன் நெஞ்சு வலித்தபோது மட்டும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வெறும் வாயு என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, மோரில் பெருங்காயம் கரைத்துக் குடித்துவிட்டுப் பால் கறக்கப் போனார். கொட்டகையிலேயே சாய்ந்துவிட்டார்.

தூக்கி வண்டியில் ஏற்றிய பக்கத்து வீட்டாருக்கும், செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரை கூடவே வந்த ஆட்டோத் தோழர்களுக்கும், காரியங்களில் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

அக்கா, கன்று நொண்டியதற்கு உடனே போன் போட்டாயே. உனக்காக எனக்கு ஒரு போன் போட்டிருந்தால், ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்க மாட்டேனா?