என் விரலில் காட்டிய எண்

மனைவிக்கு மாரடைப்பு வந்து தேறியபின், கொல்லங்கோட்டில் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். மருமகன் நல்லவர். நான் மண்வெட்டியைத் தொட்டால் ஓடி வருவார். "ஏனுங்க மாமா, ஊட்டுக்கு வந்தவங்கள வேலை செய்ய உடுவோமுங்களா?" மரியாதைதான். எனக்கோ, கடைசிவரை விருந்தாளியாகவே இருக்க வேண்டுமா என்று எரிச்சல். மலைமேல் எங்கள் ஊரான வட்டவடையில் என் பூண்டு அறுவடைக்கு நின்றது.

"இதயத் தசைக்கும் ஆக்சிஜன் வேணும். மலைமேல அது குறைவு. பலவீனமான இதயம் அங்க இன்னும் அதிகமா உழைக்கணும். கொஞ்ச காலம் கீழேயே இருங்க" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கல்லூரியில் விஞ்ஞானம் படித்தவன் நான், புரியாமல் இல்லை. ஆனாலும் மகளிடம், "மலைக் காத்து மாதிரி மருந்து உண்டா?" என்று வாதாடினேன். அவள் ஒரு நிபந்தனையோடு விட்டாள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியைத் தினமும் சாயங்காலம் அம்மாவுக்கு மாட்டிப் பார்த்து, எண்ணைப் போனில் சொல்ல வேண்டும். தொண்ணூறுக்குக் கீழே போனால் உடனே ஜீப் ஏற வேண்டும்.

மனைவியோடு மலையேறினேன். முதல் சில நாள் எண் சரியாக இருந்தது. பூண்டு பிடுங்கத் தொடங்கிய அன்று எண்பத்தாறு காட்டியது. குளிரில் விரல் விறைத்திருந்தால் தவறாகக் காட்டும் என்பது உண்மைதான். மனைவியை அடுப்பருகே உட்காரவைத்து அவள் கையைத் தேய்த்துவிட்டேன். மறுபடியும் எண்பத்தாறு. போன் அடித்தது. கருவியைக் கழற்றி என் விரலில் மாட்டினேன்.

"தொண்ணூத்தாறு தாயி" என்றேன்.

மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் அப்படியே செய்தேன். அதற்கடுத்த நாள் காலையில், படுக்க முடியாமல் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூணாறு ஆஸ்பத்திரி வரை ஜீப்பில் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தேன். பூண்டு பாதி மண்ணிலேயே கிடந்தது.

பிழைத்துவிட்டாள். இதயம்தான் முன்னைவிடத் தளர்ந்துவிட்டது. இப்போது கொல்லங்கோட்டில், கட்டிலருகே ஆக்சிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

"அந்தப் பழைய மிஷின நம்பி ஏமாந்துட்டோம்ப்பா" என்று போன வாரம் மகள் புலம்பினாள்.

"மிஷினக் குத்தம் சொல்லாத. உங்கப்பா விரலுக்கு நல்லாத்தான் வேலை செஞ்சுச்சு" என்றாள் மனைவி.

மகள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சாயங்காலங்களில் புதுக் கருவியை அம்மா விரலில் மாட்டுகிறாள். அடுப்பில் பால் பொங்கினாலும், நான் பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருந்தாலும், எண்ணைப் பார்க்க அவளேதான் வருகிறாள்.