சிரிப்புக்குப் பயந்தவள்

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். வைத்தது காஜாக்கா. பட்டன் நுழையும் துளைக்குக் காஜா எடுக்கும் மிஷினிலேயே பல வருடமாக உட்கார்ந்திருப்பதால் அந்த அக்காவுக்கு அந்தப் பெயர். அக்கா நடித்துக் காட்ட வாயைத் திறந்தால் போதும், சூப்பர்வைசர் அப்படியே அவள்மேல் இறங்கி வருவார்; மூக்கை உறிஞ்சுவதும், பெல்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டு அதட்டுவதுமாக. மொத்த வரிசையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். இவள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்து பட்டன் தைப்பாள்.

திமிர் பிடித்தவள் என்று பேசிக்கொண்டார்கள். பயந்து சாகிறாள் என்று யாருக்குத் தெரியும்?

பையன் என்று வளர்க்கப்பட்டவள் அவள். பெண்ணாக மாறச் சாப்பிடும் மாத்திரையால் குரல் மாறாது என்று டாக்டரம்மா முதல் நாளே கையை விரித்துவிட்டார். போர்வைக்குள் முனகி, கண்ணாடி முன்னால் 'ம்ம்' என்று இழுத்து, செல்போனில் பதிந்து கேட்டு, வெறுத்துப்போய், மறுபடியும் முனகி, ஒருவழியாகப் பெண்குரலில் பேச்சு வசப்பட்டது. ஆனால் சிரிப்பு? அது சொல்லிவிட்டா வருகிறது? முந்தைய கம்பெனியில் யாரோ வழுக்கி விழ, இவள் வாய்விட்டுச் சிரிக்க, அடிவயிற்றிலிருந்து பழைய குரல் கிளம்பி வந்துவிட்டது. அன்று சாயங்காலமே வேலை போயிற்று. தங்கியிருந்த அறையும் போயிற்று. இதுவும் போனால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

சிரிப்பையும் பழகித்தான் ஆகவேண்டும். அறையில் சும்மா சிரித்துப் பார்த்தாள். "ஏம்மா அழுவுற?" என்று பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டினாள். நிஜச் சிரிப்பு வர நிஜமான வேடிக்கை வேண்டுமே, காஜாக்காவை விட்டால் வேறு யார்? செல்போனைப் பட்டன் டப்பாவுக்குப் பின்னால் சாய்த்து வைத்து, அக்காவின் கூத்தைப் பதிவு செய்தாள். பெரிய புத்திசாலிதான், போங்கள்! பக்கத்து மிஷின்காரி பார்த்து அக்காவிடம் சொல்லிவிட்டாள்.

மதியம் காஜாக்கா அவளை நூல்கண்டு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். கையில் அந்தச் செல்போன்.

"யாருக்குடி இது? அந்தாளுக்குப் போட்டுக் காட்டி என் பொழப்புல மண்ணள்ளிப் போடவா?"

"இல்லக்கா, சத்தியமா இல்ல."

"பின்ன எதுக்கு?"

"சிரிச்சுப் பழக."

"பச்சப்புள்ளகூடப் பழகாமலே சிரிக்குது. யாருகிட்ட காது குத்துற?"

வெளியே யாராவது கேட்கிறார்களா என்று அக்கா கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். இரண்டு பிள்ளைகளை ஒண்டியாக வளர்ப்பவள். அவளுக்கும் வேலை போய்விடும் என்ற அதே பயம்தான். இவள் ஏதாவது பொய் சொல்லித் தப்பிக்கப் பார்த்தாள். அவசரத்துக்கு ஒரு பொய்கூட அகப்படவில்லை. இத்தனை நாள் இறுக்கிப் பிடித்திருந்த தொண்டையை விட்டாள்.

"இதுதான்க்கா என் பழைய கொரல்," என்றாள். கனத்த ஆண்குரல். அவளுக்கே கேட்கப் பிடிக்கவில்லை. "சிரிச்சா இது வெளிய வந்துடும். அதான்."

காஜாக்கா ஓரடி பின்னால் போனாள். மேலும் கீழும் பார்த்தாள். செல்போனை நீட்டி, "அழி மொதல்ல," என்றாள். அழித்தாள். அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

"என்னக்கா, ஒத்துக்கிட்டாளா?" என்று வெளியே எல்லாரும் மொய்த்துக்கொண்டார்கள்.

உள்ளே இவள் கதவில் காதை வைத்துக் கேட்டாள். வேலை, அறை, அரும்பாடுபட்டுத் தேடிய குரல், எல்லாம் இப்போது அந்த ஓட்டை வாயில்.

"அவளுக்குத் தொண்டையில நோவுடி," என்றாள் காஜாக்கா. "யாரும் அவளச் சிரிக்க வெச்சுத் தொலைக்காதீங்க. மொதல்ல நான் வாய மூடிக்கறேன்."

உள்ளே இவள் நூல்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று மீதிப் பொழுது முழுக்க அந்த வரிசையில் மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது.