கைப்பிடி இல்லாத பெஞ்சு

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. காய்ச்சல் என்று ஆசிரியரிடம் சொல்லிச் சமாளித்தேன். உண்மை அது இல்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட ஓடவில்லை. இப்போது கொஞ்சம் தேவலை... சொல்லிவிடுகிறேன்.

என் கல்லூரித் தோழி ஜெசி, ராஜபாளையத்தில் அய்யனார் கோவில் போகிற ரோட்டில் புது வீடு கட்டியிருக்கிறாள். கணவர் தேவராஜ் ராணுவத்தில் இருந்து திரும்பியவர். ஒரே மகள் பெனிட்டாவுக்கு ஐந்து வயது. பல வருடம் காத்திருந்து பிறந்த பிள்ளை.

ஜெசியின் தம்பி சாமுவேல் ஃபர்னிச்சர் டிசைனர். பெங்களூரில் சொந்த ஸ்டூடியோ. அவர் செய்த நாற்காலிகள் வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குப் போகின்றன. அவருடைய புதுப் பெஞ்சு ஒன்றைப் பார்த்து எழுதத்தான் நான் போனதே.

ஹாலில் கிடந்தது. ஆறடி நீளத் தேக்கு. கைப்பிடி இல்லை, கீல் தெரியவில்லை, ஆணி இல்லை. சாமுவேல் மேல்பலகையின் ஓரத்தில் ஒரு விரலால் அழுத்தினார். பலகை சத்தமே இல்லாமல் எழும்பியது. உள்ளே போர்வை, தலையணை வைக்க நீளமான பெட்டி. கையை எடுத்தார். பலகை தானாக மெல்ல இறங்கி, உள்ளே மறைந்திருக்கும் பூட்டில் மாட்டி மூடிக்கொண்டது. மூடிய இடத்தில் கோடுகூடத் தெரியவில்லை.

"ஓரம் பூரா ரப்பர் குடுத்திருக்கேன்க்கா. பூச்சி போகாது, தூசி போகாது. காத்துகூடப் போகாது" என்றார்.

நான் அதை எழுதிக்கொண்டேன். அடிக்கோடு வேறு போட்டேன்!

"மாமா, இன்னொருக்கா!" என்று பெனிட்டா கைதட்டினாள். சாமுவேல் இன்னொரு முறை திறந்து காட்டினார்.

பிறகு தன் போனில், உலகத்துப் பெரிய டிசைனர்கள் சமீபத்தில் செய்தவற்றையெல்லாம் காட்டினார். சுவர் மாதிரியே இருக்கும் அலமாரி. ஸ்விட்ச் எங்கே என்று தெரியாத விளக்கு. கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வைக்கும் மேஜை. எதை எவ்வளவு மறைக்கலாம் என்பதில்தான் போட்டி போலிருக்கிறது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். பெனிட்டா முதலிலேயே சாப்பிட்டுவிட்டு விளையாடப் போயிருந்தாள். கை கழுவும்போது ஜெசி கூப்பிட்டாள். பதில் இல்லை. மாடியில் இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. குளியலறையில் இல்லை.

வாசல் கேட் திறந்து கிடந்தது.

பக்கத்து வீட்டு அம்மா, தெலுங்கு பேசுகிறவர், ஓடி வந்தார். "அம்மாயி, நம்ம பாப்பா, இந்தப் பக்கம் வரலையே ஜெசி... பின்னால தோப்புல பாத்தீங்களா?"

தோப்பு என்றதும் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான். வீட்டுக்குப் பின்னால் மாந்தோப்பு. அதற்குள் ஒரு கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது.

தேவராஜ் ஓடினார். அடுத்த நிமிடம் தொபீர் என்று அவர் தண்ணீரில் குதிக்கிற சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. சாமுவேல் தோப்புக்குள் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே போனார். ஜெசி செருப்புகூட இல்லாமல் ரோட்டுக்கு ஓடினாள்.

"ஏட்டி, நீ வீட்லயே இரு. பிள்ள திரும்பி வந்தா யாராச்சும் இருக்கணும்லா!" என்று என்னிடம் கத்திவிட்டுப் போனாள்.

இருந்தேன். ஹாலில் தனியாக நின்றேன். வாசலையே பார்த்தேன். பிறகு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோப்பிலிருந்து "பாப்பா... பாப்பா..." என்று வந்துகொண்டே இருந்தது. நடுவில் எங்கோ டொக் என்று ஒரு சின்னச் சத்தம். பல்லி என்று நினைத்தேன்.

கார் சாவி எடுக்க சாமுவேல் உள்ளே ஓடி வந்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் காலுக்குப் பின்னால், பெஞ்சைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததே இல்லை.

"எந்திரிங்கக்கா... எந்திரிங்க!"

அழுத்தினார். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினார். குத்தினார். உள்ளே பூட்டில் என்னவோ சிக்கியிருந்தது. விரல் நுழைக்க இடுக்கு இல்லை, பிடித்து இழுக்கக் கைப்பிடி இல்லை. தான் செய்த சாமானைத் தன்னாலேயே திறக்க முடியாமல், "அத்தான்! கடப்பாரை!" என்று அலறினார்.

சொட்டச் சொட்ட ஓடிவந்தார் தேவராஜ். மூன்றாவது அடியில் பக்கப் பலகை பிளந்தது.

போர்வைக்கு மேல் பெனிட்டா சுருண்டு கிடந்தாள். வேர்வையில் குளித்திருந்தாள். அவள் கவுன் ஓரம்தான் பூட்டில் சிக்கியிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வரை தேவராஜ் மகளின் நெஞ்சில் கை வைத்தபடியே வந்தார். "மூச்சு வருது... மூச்சு வருது..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்களுக்குச் சொன்னாரா, அவருக்கே சொல்லிக்கொண்டாரா?

ஆக்சிஜன் வைத்தார்கள். ஊசி போட்டார்கள். கதவுக்கு வெளியே நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் டாக்டர் வந்து, "பொழச்சிட்டா. இன்னும் செத்த நேரம் விட்டிருந்தா என்னால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது" என்றார்.

உள்ளே போனோம். பெனிட்டா அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "நான் கத்துனேம்மா. யாருக்குமே கேக்கல."

தேவராஜ் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அங்கே சாமுவேல் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். "மூணு பெஞ்சு செஞ்சேன்க்கா. பெங்களூர்ல இருக்கறதக் கழட்டச் சொல்லிட்டேன். இன்னொண்ணு ஸ்ரீவில்லிபுத்தூர்ல, என் ஃப்ரெண்டு சேகர் வீட்ல. அவனுக்கு ரெண்டு பிள்ளைக. போன எடுக்க மாட்டேங்கான்."

நானும் அவர் காரில் ஏறிக்கொண்டேன். பக்கத்து ஊர்தான். அன்றைக்கு அந்த ரோடு முடியவே இல்லை. சாமுவேல் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை.

சேகர் வீட்டு வாசலில் இரண்டு ஜோடிக் குட்டிச் செருப்பு. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஹாலில் பெஞ்சு, கோடு தெரியாமல் மூடியிருந்தது.

சாமுவேல் அழுத்தினார். பலகை எழும்பியது.

போர்வை மட்டும்தான்.

பிள்ளைகள் அப்பாவோடு மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். சேகர் இறங்கி வருவதற்குள் சாமுவேல் ரப்பரைப் பிய்த்து எறிந்திருந்தார். பூட்டைக் கழற்றினார். எதிரே இருந்த ஒர்க்‌ஷாப்பில் டிரில்லிங் மெஷின் வாங்கி வந்து, பக்கப் பலகை முழுக்க ஓட்டை போட ஆரம்பித்தார்.

"ஏலே, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? இம்புட்டு அழகான சாமான..." என்று சேகர் பதறினார்.

"அழகா இருக்கணும்னு மட்டுந்தான்லே நெனச்சேன்" என்றார் சாமுவேல், தலை நிமிராமல். "உள்ள இருந்து எப்படித் தெறக்கறதுன்னு ஒரு தடவகூட நெனைக்கல." அப்போதுதான் அழுதார்.

குற்றம் அவர் ஒருவருடையதா? அடிக்கோடு போட்ட எனக்குத் தோன்றியதா? பத்திரிகைகளில் வரும் ஃபர்னிச்சர் படங்களைக் கவனித்துப் பாருங்கள். ஒன்றிலாவது பிள்ளைகள் இருக்கிறார்களா? ஆள் இல்லாத அறையில் எல்லாமே அழகுதான். நாமும் கடைக்குப் போனால் கலர் கேட்கிறோம், விலை கேட்கிறோம், எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்கிறோம்...

நேற்று ஒரு ஷோரூமில் பெரிய அலமாரி ஒன்றைக் காட்டினார்கள். "உள்ளே ஒரு குழந்தை மாட்டிக்கொண்டால் எப்படித் திறக்கும்?" என்று கேட்டேன். சேல்ஸ்மேன் சிரித்தார். அவருடைய மேனேஜரும் சிரித்தார்.

பக்கத்தில் மகனைக் கையில் பிடித்தபடி நின்ற ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை.