மலைக்குச் சுமந்த கிணற்றுத் தண்ணீர்

1975, தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்கு மீனாட்சிபுரத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். கையில் ஒரு மஞ்சள் பை. மடியில் ஒரு பித்தளைக் கூஜா நிறைய எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

நானும் என் மனைவி பொன்னம்மாளும் ஊரில் டீக்கடை வைத்திருக்கிறோம். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் வாடிக்கை. இரண்டு முறை நான் மலைக்குப் போய், குடித்துப் பார்த்து, மணக்க மணக்கத் தேயிலைத்தூள் வாங்கி வந்தேன். இரண்டு முறையும் எங்கள் அடுப்பில் அது கழுநீராகிவிட்டது. எங்கள் தண்ணீர் உப்புக் கரிக்கும். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடைக்கு நடந்துவிட்டார்கள்.

“ஏனுங்க, இந்தத் தடவையும் தூள் காலை வாரிருச்சுன்னா கடைய மூடிப்போடலாமுங்க” என்றாள் பொன்னம்மாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்ல. அதனால்தான் கூஜா. எங்கள் தண்ணீரிலேயே போட்டுப் பார்த்து வாங்குவது என்று தீர்மானம்.

ஒன்பது மணிக்கு உடுமலையில் மூணாறு வண்டி. சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். சின்னாறு தாண்டும்வரை வெயில், மறையூரில் வெல்லம் காய்ச்சும் வாசனை, அதற்கப்புறம் வளைவுக்கு மேல் வளைவு. முன் இருக்கையில் எஸ்தர் என்ற பெண். பள்ளிவாசல் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர், உடுமலையில் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்புகிறார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தியெடுக்கத் தொடங்கினார்.

“அண்ணாச்சி, வாய் கொப்பளிக்க ஒரு மடக்குத் தண்ணி தாங்களேன்.”

கூஜாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொடுக்க மனசு வரவில்லை. அந்த வெளிறிய முகத்தைப் பார்த்தபிறகு கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு மடக்கு என்று கேட்டது, மலை ஏறி முடிவதற்குள் முக்கால் கூஜாவாயிற்று.

“என்ன அண்ணாச்சி, தண்ணி இப்படிக் கரிக்கு?”

விஷயத்தைச் சொன்னேன். வாந்தியை மறந்து சிரித்தார். “மலைக்குத் தண்ணி சுமந்துட்டு வாரவுகள இப்பத்தான் பாக்கேன். எங்க லயத்து வீடுகளுக்குப் பக்கத்துல தூள்க்கடை இருக்கு, வாங்க. அடுப்பு கேட்டுத் தாரேன்.”

மூணாறில் வண்டி மாறி, மூன்று மணிக்குப் பள்ளிவாசல். மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்களைப் பனி பாதி மறைத்திருந்தது. கடைக்காரர் மூன்று தூள் எடுத்து வைத்தார்: சுருண்ட இலைத்தூள், ரவை போன்ற நடுத்தரம், மாவாக இருந்த டஸ்ட். முதலில் மலைத் தண்ணீரில் போட்டுத் தந்தார். இலைத்தூளின் மணத்துக்கு என்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். நடுத்தரம் பரவாயில்லை. டஸ்ட் தொண்டையைப் பிடித்தது.

கூஜாவில் மிச்சம் ஒரே டம்ளர் தண்ணீர். ஆசை இலைத்தூள் மேல்தான், அதையே போட்டேன். நிறம் சேறாயிற்று, மேலே ஆடை படர்ந்தது, மணம் போன இடம் தெரியவில்லை.

“நல்ல தூளக் கொன்னுட்டுல்லா உங்க தண்ணி!” என்றார் எஸ்தர்.

இனிச் சோதிக்க வழியில்லை. மெல்லியதை எங்கள் உப்பு விழுங்குகிறது என்றால், இங்கே முரடாகத் தொண்டையைப் பிடிப்பதுதான் அங்கே தாக்குப்பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். எனக்குப் பிடிக்காத டஸ்டில் ஐந்து கிலோ வாங்கினேன். புறப்படுமுன் இலைத்தூளில் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கி, நிதானமாகக் குடித்தேன்.

இரவு மூணாறில் தங்கி, புதன்கிழமை மதியம் ஊர் சேர்ந்தேன். பொன்னம்மாள் எருமைப் பாலை ஊற்றி ஆற்றினாள். இருபது காசு டீ. எதிர்க்கடைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பால்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்தோம். அவர் குடித்து முடித்து, “இன்னொண்ணு போடுங்க” என்றார்.

அந்த வாரத்திலேயே பெஞ்சு நிறையத் தொடங்கியது. ஒருநாள் கடை ஓய்ந்த நேரத்தில் பொன்னம்மாளிடம் பயணத்தைச் சொன்னேன். பனியைச் சொல்ல வந்தது, எஸ்தரின் சிரிப்பைச் சொல்ல வந்தது, அந்த இலைத்தூளின் மணத்தை மட்டும் சொல்ல வரவில்லை. பூ மாதிரி என்றேன், அதுவும் சரியில்லை. பொள்ளாச்சிக்கு அப்பால் போகாதவள் அவள். ஊருக்கே டீ ஆற்றித் தருகிறவளுக்கு அந்த ஒரு டம்ளரைக் கொண்டுவந்து கொடுக்க முடியவில்லையே என்று மனசு கனத்தது.

“அத இங்க கொண்டாந்தா கெட்டுப்போயிருமாங்க?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் டம்ளர்களைக் கழுவினாள்.

“அப்ப நாந்தானுங்க அங்க வரோணும்” என்றாள்.