ஆடிக் கிருத்திகையில் விழுந்த கடைசி வகுப்பு

குடும்ப வரலாறு தேடக் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியை இருப்பது கனடாவில். அவருக்கு ஓய்வு கிடைக்கும் நாளில்தான் வகுப்பு. மாறிக்கொண்டே இருந்த தேதிகளை எல்லாம் போன் காலண்டரில் ஏற்றிவைத்து, பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

போன் காலண்டருக்குக் கிருத்திகை தெரியுமா? எங்கள் ஊர் திருத்தணியில் கிருத்திகை என்றால் மலைமேல் தலை, மலைக்குக் கீழும் தலை. அத்தனை பேர் கையிலும் போன். வகுப்பு நேரத்துக்கு மணி அடித்தது, சிக்னல்தான் இல்லை. இன்னொரு வகுப்பு தவறினால், கடைசி நாளில் அவரவர் குடும்ப வரலாற்றைச் சொல்லும்போது நான் பேச முடியாது என்று ஆசிரியை சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. நான் சேர்ந்ததே அந்தப் பேச்சுக்காக.

மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரை எடுத்து, மிச்ச வகுப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். கடைசி வகுப்பு நேராக ஆடிக் கிருத்திகையில் போய் விழுந்திருந்தது. அன்று வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தம் முழுக்கக் காவடியோடு வந்து எங்கள் வீட்டில்தான் சாப்பிடும். வீட்டுக்காரி இல்லாவிட்டால் ஆயுசுக்கும் பேச்சு.

பள்ளிப்பட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்றேன். வீட்டுக்காரர் சிரித்தார்.

"உயிரோட இருக்கிற சொந்தம் சோத்துக்கு வந்துகினு இருக்கும். நீ செத்த சொந்தத்தைத் தேடிகினு போறியா?"

"ஆங், போறேன். சாம்பார் வெச்சிட்டுப் போறேன். நீங்க பரிமாறுங்க."

ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். அன்று ஊரே அரோகரா போட்டு உள்ளே வர, நான் வெளியே போகிற பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது.

தங்கை வீட்டில் சிக்னல் கம்பீரமாக நின்றது. என் முறை வந்தது. மற்றவர்கள் தாத்தா, முப்பாட்டன் என்று போனார்கள். நான் அம்மாவில் ஆரம்பித்தேன். அவளைப் பெற்றவள், அவளையும் பெற்றவள் என்று நாலு தலைமுறை. நாற்று நட்டவள், நகரியிலிருந்து தெலுங்கு மட்டும் பேசிக்கொண்டு வாழவந்தவள் என்று ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி நிறுத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவங்க வீட்டுக்காரங்க பேரு?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதைத்தான் எல்லாரும் எழுதி வெச்சிருக்காங்களே!" என்றேன்.