மாத்திரைப் பெட்டியை ஒளித்த எட்டு நாள்

மரவள்ளி போடுகிறவனுக்குத் துண்டுச்சீட்டுதான் தெய்வம். சின்னசேலம் பக்கத்தில் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ மில்லில் லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்துத் தண்ணீரில் முக்கி எடை பார்ப்பார்கள். மாவு எவ்வளவு என்பதைப் ‘பாயிண்ட்’ என்று சீட்டில் எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டை எதிர்த்து நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. என் மனைவி வேறு ரகம். கிழங்கைப் பட்டென்று ஒடிப்பாள், ஒடிந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்ப்பாள், பாயிண்ட் சொல்லிவிடுவாள். மில்லில் எழுதுவது அவள் சொன்னதிலிருந்து பெரிதாகத் தள்ளிப்போனதே இல்லை.

அந்த விரல்தான் அவள் கழுத்தில் கட்டிகளையும் கண்டுபிடித்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சுண்டைக்காய் அளவில் நாலைந்து. சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, மெல்ல வளருகிற ஒரு வகை ரத்தப் புற்றுநோய் என்றார்கள். நான் அந்த ரிப்போர்ட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவளோ, “மெல்லத்தானங்க வளருது? அப்ப வைத்தியத்துக்கு டைம் இருக்குதில்ல?” என்று டாக்டரம்மாவிடமே கேட்டாள்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நோயை எதிர்க்கும் வெள்ளணுவின் மேல் காது மாதிரி ஏற்பிகள் இருக்கின்றனவாம். கிருமி வந்தால் அவை உள்ளே சேதி அனுப்பும், அணு பெருகும். வேலை முடிந்ததும் அடங்கிவிடும். இவளுக்கோ கிருமியே இல்லாமல் அந்தச் சேதி ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது. அணுக்கள் சாக மறுத்துப் பெருகி, கழுத்துக் கட்டிகளில் குடியிருக்கின்றன. தினமும் போடும் மாத்திரை அந்தச் சேதியை நடுவழியில் மறிக்கும். ஒரு நாள்கூட விடக் கூடாது, ஒரு மாதம் கழித்து வந்தால் போதும், நடுவில் எந்த டெஸ்ட்டும் வேண்டாம் என்றார். கண்ணுக்கே தெரியாத ஓர் அணுவுக்குள் நடக்கிற பேச்சைக் கேட்டு, அதை அடைக்கவும் வழி கண்டுபிடித்த மனிதர்களை நினைத்து அன்று பஸ்ஸில் நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கும்பிட்டவன் சும்மா இருந்திருக்கலாம். என் அவசர புத்தி விடவில்லை. மூன்றாவது வாரமே அவளைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போய் ஒரு லேப்பில் ரத்தம் கொடுக்க வைத்தேன். வெள்ளணு முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்கு என்று வந்தது.

“இன்னாடி இது, மருந்தா விஷமா?” என்று வீட்டுக்கு வந்து கத்தினேன்.

“காகிதத்த வுடுங்க. இங்க தொட்டுப் பாருங்க, கட்டி கரைஞ்சிக்கினு இருக்குது” என்று கழுத்தை நீட்டினாள்.

தொட்டேன். கரைந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் சீட்டில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு விரலை நம்ப எனக்குப் பழக்கமில்லை. மாத்திரைப் பெட்டியைக் கொண்டுபோய் மோட்டார் கொட்டகையில் ஒளித்து வைத்தேன். “டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னாங்க” என்று ஒரு பொய்யும் சொன்னேன். பாவி, அவள் அதை நம்பினாள்.

எட்டாம் நாள் காலை கழுத்தைத் தடவியவள் முகம் மாறியது. கட்டி திரும்பவும் தலைகாட்டியிருந்தது. லேப் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு தனியாகச் சேலத்துக்கு பஸ் ஏறிவிட்டாள். சாயங்காலம் திரும்பி வந்து சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

“சேதி கெடைக்கலன்னா அணுவுங்களால கட்டியில குடியிருக்க முடியலியாம். வெளியேறி ரத்தத்துக்கு வருதாம். எறும்புப் புத்துல தண்ணி ஊத்துனா வெளியதான எறும்பு ஜாஸ்தியா தெரியும்? அதாங்க அந்தக் கணக்கு. மொதல்ல ஏறும், அப்பறம் அதுங்க செத்துக் கம்மியாயிடும்னு சொன்னாங்க.”

மருந்து வேலை செய்ததற்கான அடையாளத்தைப் பார்த்துத்தான் நான் மருந்தை நிறுத்தியிருக்கிறேன்.

“மாத்திரைய எடுத்துக்கினு வாங்க” என்றாள். மோட்டார் கொட்டகைக்கு ஓடினேன்.

அடுத்த மாதம் நானும் கூடப் போனேன். செய்தது அத்தனையையும் அவள் சொல்லியிருப்பாள், இன்றைக்கு நமக்கு மண்டகப்படிதான் என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா அவளைப் பார்த்துத்தான் கோபப்பட்டார்.

“எட்டு நாள் மறந்துட்டேன்னு வந்து சொன்னீங்களே, இப்பவாவது ஒழுங்கா போடறீங்களா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டு, “போடறங்க” என்றாள். நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் என் காலை நன்றாக மிதித்தாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, “இவங்கள நம்ப முடியாது சார். மாத்திரை இனிமே உங்க பொறுப்பு” என்றார். “சரிங்க” என்றேன். அவமானத்தில் காது சுட்டது.

பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

“பயத்துல செஞ்சீங்க. அத எதுக்கு அங்க போய் சொல்லிக்கினு” என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

மூன்று வருடம் ஆகிறது. ரத்தத்தில் ஏறியது மாதக் கணக்கில் மெல்ல இறங்கியது. தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையையும் தண்ணீரையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். விழுங்கிவிட்டு அவள் முகவாயை நிமிர்த்திக் கழுத்தைக் காட்டுகிறாள்.

“இன்னா பாயிண்ட்டு?”

விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் தட்டுப்படல” என்கிறேன். அந்த எட்டு நாளை நினைத்துக்கொண்டு தினமும் இரண்டு தடவை பார்த்த பிறகுதான் சொல்கிறேன்.