கைக்கு எட்டிய ஆரஞ்சு

போடியிலிருந்து மேட்டுக்கு ஏறும் பாதையில், பாதி மலைக்கு மேலே, ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஓர் ஆரம்பப் பள்ளி இருந்தது. எழுபதுகளின் நடுவில் நான் அங்கே வாத்தியாராகப் போனேன். பள்ளியை ஒட்டி இரண்டு அறை வீடு, பின்னால் கொஞ்சம் நிலம். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான். என் மனைவிக்குச் சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பியிருந்தது. சமதரையில் நன்றாகவே நடப்பாள். சரிவில்தான் சிரமம், ஊன்றுகோல் வேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அக்காவின் தோட்டம். அடிவாரத்துச் சிலமலை ஊரில் பிறந்து, கல்யாணமாகி மலைக்கு வந்தவர். கணவர் வேறொரு எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் வேலையில் இருந்தார். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். நிலத்தை அக்காதான் பார்த்துக்கொண்டார். அதில் பதினோரு கமலா ஆரஞ்சு மரங்கள் நின்றன. அவருடைய மாமனார் விதை போட்டு வளர்த்தவை. விதையில் வந்த மரங்களாதலால் நெடுநெடுவென்று உயர்ந்து, கிளையெல்லாம் முள்ளாக இருக்கும். காய்ப்பதற்கே எட்டு, பத்து வருடம் ஆயிற்றாம். ஆனால் பழம் அப்படி. தோலை விரல் நுனியால் நிமிண்டினாலே கழன்றுவிடும். உரித்த கையை இரண்டு முறை கழுவினாலும் வாசனை போகாது. மார்கழி, தை மாதங்களில் அக்கா ஏணி வைத்து ஏறி, துரட்டியால் பறித்து, ஒரு கூடை எங்களுக்குக் கொடுத்துவிடுவார்.

அப்படி ஒரு நாள் கூடையை வாங்கும்போதுதான் என் மனைவி சொன்னாள்: "எனக்கு ஒரு மரமாவது எட்டுற மாதிரி இருந்தா, நானே போய்ப் பறிச்சுக்குவேன். எல்லாத்துக்கும் ஒருத்தர் கையையே பாத்துக்கிட்டு இருக்கறது ஒரு மாதிரியா இருக்கு."

அவள் எதையும் கேட்கிறவள் இல்லை. அதனால் அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. அடுத்த மாதம் சம்பளம் வாங்கப் போடிக்கு இறங்கியபோது, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒருவர் ஒரு லோடு கன்றுகளை இறக்கி விற்றுக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ தூரத்து ஊரிலிருந்து வந்தவர். ஈரச் சாக்கில் வேர் கட்டிய ஒட்டுக் கன்றுகள். "குட்ட ரகம் சார். ஆளுக்கு மேல போகாது. மூணாம் வருசமே காய்க்கும்," என்றார். ஆறு கன்றுகள் வாங்கி, ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. மூன்றாவது வருடம் காய்த்தது. முதல் பழத்தை என் மனைவிதான் பறித்தாள். கிளையைப் பிடித்துக்கொள்ளாமல், ஊன்றுகோலும் இல்லாமல், மரத்தடியில் நின்று கையை உயர்த்திப் பறித்தாள். உரித்து எனக்கும் பாதி கொடுத்தாள். அக்காவின் பழத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. தோல் சதையோடு ஒட்டிக்கொண்டிருந்தது, வாசனையும் மட்டு. இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

அக்கா வந்து பார்த்து ஆச்சரியப்பட்டார். "இம்புட்டூண்டு உசரத்துல இத்தனை காயா? எனக்கும் வயசாகுது தம்பி. ஏணி ஏறுறது பெரிய சோலியா இருக்கு. நமக்கும் ஒரு மரம் இப்படி வராதா?"

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. புத்தகம் பார்த்துக் கண் ஒட்டு கட்டப் பழகியிருந்தேன். என் கன்றிலிருந்து துளிர்க் கண்ணை எடுத்து, அக்காவின் வேலியோர மரத்தில் தாழ்ந்திருந்த ஒரு கிளையில் வைத்துக் கட்டினேன். ஒட்டுப் பிடித்துத் துளிர்த்தது. அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டினார்.

இரண்டு வருடம் போயிருக்கும். என் கன்றுகளில் இலை வெளுக்கத் தொடங்கியது. இலையின் ஒரு பாதி மஞ்சள், மறு பாதி பச்சை, திட்டுத் திட்டாக. உரம் வைத்தேன், மருந்து தெளித்தேன். பழங்கள் ஒரு பக்கம் சூம்பி, பழுத்த பிறகும் அடிப்பக்கம் பச்சையாகவே நின்றன. அதே சமயம் அக்காவின் வேலியோர மரமும் வெளுத்தது. பிறகு அதற்கு அடுத்த மரம்.

அந்த வருடம் பயிர் நோய்கள் பற்றிப் படித்த ஓர் அதிகாரி ஏலத்தோட்டங்களைப் பார்க்க வந்தார். அவரை என் வீட்டுக்கு அழைத்துப் போனேன். என் மனைவி அன்று போடிக்குப் போயிருந்தாள். ஒரு பழத்தை நறுக்கி, பொக்காய்ப் போன விதைகளைக் காட்டினார்.

"இது சத்துக் குறைவு இல்லை சார். நோய். ஒட்டுக் கன்னோடவே வந்திருக்கும். துளிர்ல உக்கார்ற சின்னப் பூச்சி ஒரு மரத்துலேர்ந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டு போயிடும். மருந்து கிடையாது. நோய் கண்ட மரத்தை வேரோட எடுத்து எரிச்சிடுங்க. பக்கத்துத் தோட்டத்துலயும் சொல்லிடுங்க. மத்த மரமாவது நிக்கும்."

அவர் போன பிறகு வேலி வழியாக எண்ணிப் பார்த்தேன். பதினொன்றில் இரண்டு வெளுத்திருந்தன. ஒன்பது கருகருவென்று பச்சையாக நின்றன.

அன்று மாலை அக்கா வேலிக்கு வந்தார். "ஆபீசர் வந்தாராமே தம்பி. என்ன சொன்னாரு?"

சொல்வதென்றால், நான் கொண்டுவந்தது என்று சொல்ல வேண்டும். நானே என் கையால் உங்கள் மரத்தில் கட்டினேன் என்று சொல்ல வேண்டும். என் மனைவி கை நீட்டிப் பறிக்கும் மரங்களை அவள் கண்ணெதிரே எரிக்க வேண்டும்.

"சத்துக் கொறச்சல்தான்க்கா," என்றேன். "மழை ஜாஸ்தி இல்லையா. மருந்து இருக்கு, தர்றேன்."

"நீங்க சொன்னாச் சரிதான்," என்றார். நான் கொடுத்த மருந்தைக் கலக்கி, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, பதினோரு மரத்துக்கும் தெளித்தார். நானும் கூட நின்று தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

என் மனைவியிடமும் சத்துக் குறைவு என்றே சொன்னேன். அடுத்த பருவம் முடியட்டும், என் மரங்களை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பருவம் முடிந்தது. எடுக்கவில்லை. அக்காவின் தோட்டத்தில் வெளுப்பு ஒவ்வொரு மரமாக நகர்ந்தது. உச்சிக் கிளைகள் காய்ந்து குச்சியாயின. எண்பதுகள் தொடங்கிய சில வருடங்களில் பதினொன்றும் பட்டுப்போயின. என்னுடைய ஆறும்தான். அக்கா கடைசியாகக் கொடுத்த கூடையில் எலுமிச்சை அளவுக்குப் பழங்கள். விதையாவது எடுத்து வைக்கலாமென்று என் மனைவி உரித்துப் பார்த்தாள். ஒன்றில்கூட முளைக்கிற விதை இல்லை. வேறு யாரிடமும் அந்த மரத்தின் கன்று இல்லை. அந்த வகை அதோடு முடிந்துவிட்டது.

அதற்குள் அக்காவின் கணவரும் இறந்துபோனார். அக்கா நிலத்தை விற்றுவிட்டுச் சிலமலையில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கும் போடிக்கு மாற்றல் வந்தது.

போடி வீட்டில் ஒரு நாள், கடையில் வாங்கிய ஆரஞ்சை உரித்துக்கொண்டே என் மனைவி, "அக்கா தோட்டத்துப் பழம் மாதிரி எங்க வருது? அந்த மரத்துக்கு அப்படி என்னதான் வந்துச்சோ," என்றாள். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கடைசியில், "உன் மரத்தை எரிக்க எனக்கு மனசு வரல," என்றேன்.

அவள் பழத்தைக் கீழே வைத்தாள். "என் மரத்த வச்சிருங்கன்னு நான் கேட்டேனா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா, நானே மண்ணெண்ண ஊத்தியிருப்பேன். என் பேரச் சொல்லித் தப்பிக்காதீங்க. அவங்ககிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க."

அத்தனை வருடமும் அவளுக்காகத்தான் என்று நானே எனக்குச் சொல்லிவந்தது அந்த நிமிடத்தில் இல்லாமல் போயிற்று. வாத்தியார் தப்பாகச் செய்துவிட்டார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பார்க்கப் போனால் காரணம் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சிலமலைக்குப் போனேன். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. "வாங்க தம்பி, தங்கச்சி நல்லாருக்காளா?" என்று கட்டிலை இழுத்துப் போட்டார். உட்காராமலே சொன்னேன். கன்று வாங்கியது, ஒட்டுக் கட்டியது, அந்த மனிதர் வந்து சொன்னது, நான் மறைத்தது.

நான் முடித்ததும் அவர் மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டார்.

"தெரியாமக் கொண்டாந்தீக. அத விடுங்க," என்றார். "நானுந்தான ஆசப்பட்டு ஒட்டுக் கட்டச் சொன்னேன். ஆனா அவரு வந்து சொன்ன அன்னிக்கே எங்கிட்டச் சொல்லிருந்தா, ஒம்போது மரம் நின்னிருக்குமில்ல தம்பி?"

"நின்னிருக்கும்க்கா."

"எங்க மாமனாரு வச்சது," என்றார். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வருவாரென்று நின்றேன். அவருடைய தம்பி மனைவி வந்து, "அக்காவுக்குத் தல வலிக்குதாம்ணே, படுத்திருக்காங்க," என்றாள். நான் கிளம்பி, போடி பஸ்சுக்காக வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றேன்.

வீட்டில் என் மனைவி, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். அக்கா கேட்டதைச் சொன்னேன்.

"நியாயமாத்தான் கேட்டிருக்காங்க," என்றாள். தட்டைப் போட்டுச் சோறு வைத்தாள்.

அந்த வருடம் பொங்கலுக்குச் சிலமலைக்குப் போய்வரலாம் என்று இருவரும் பேசிக்கொண்டோம். போகவில்லை. அடுத்த பொங்கலுக்கும் போகவில்லை.